பழைய பெட்டிக்கு முதல் அடி

தனி ஆள் அடித்தால் அது அடிதடி. அரசாங்கம் அடித்தால் அது நடைமுறை. கோச்சடை கண்ணுச்சாமிக்கு இந்த வித்தியாசம் நாற்பது வயதுவரை தெரியாது. தெரிந்துகொண்ட அன்று அவன் வாயில் முன்பல் இல்லை, வாசலில் கார் இல்லை, கையில் மட்டும் ஒரு சம்மட்டி இருந்தது.

அவனுடைய அப்பா ஆயுசு முழுக்க அடுத்தவர் வயலில் ஏர் ஓட்டியவர். கடைசிக் காலத்தில் வைகைக் கரையோரம் ஒரு துண்டு வயல் வாங்கினார். அதில் முதல் போகம் அறுப்பதற்குள் போய்ச் சேர்ந்துவிட்டார். மகன் அந்த வயலை விற்றுக் கார் வாங்கினான். சாதாரணக் கார் இல்லை. பக்கத்து மில்லுக்கு மிஷின் மாட்ட வந்த ஜெர்மன்காரர் கொண்டுவந்து, ஊருக்குப் போகும்போது விட்டுவிட்டுப் போன சிவப்புக் கார். கூரையை மடக்கிப் பின்னால் தள்ளிவிட்டால் திறந்த வண்டி. மில்லுக்காரர்கள் அதை ஏலம் விட்டபோது கண்ணுச்சாமி கண்ணை மூடிக்கொண்டு கேட்டுவிட்டான்.

"வயக்காட்டுல நெல்லு வெளையும். இந்தத் தகரத்துல என்னாய்யா வெளையும்?" என்று கேட்டாள் பெண்டாட்டி ஒச்சம்மாள்.

"மாப்ள வெளைவான் புள்ள. பொறுத்துப் பாரு."

விளையத்தான் செய்தார்கள். எண்பதுகளின் நடுவில் மதுரைப் பக்கம் கல்யாணம் என்றால் மாப்பிள்ளை அழைப்புக்குத் திறந்த கார் வேண்டும். ஆனையூர் மாப்பிள்ளையும் வண்டியூர் மாப்பிள்ளையும் கழுத்து நிறைய மாலையோடு அந்தச் சிவப்புக் காரில் நின்றுகொண்டு போனார்கள். கண்ணுச்சாமி காரை 'கார்' என்று சொல்ல மாட்டான். 'நம்ம வயக்காடு' என்பான்.

அந்த வருஷம் வைகாசிக் கடைசி முகூர்த்தத்துக்கு முதல் நாள் சாயங்காலம், வண்டியூர் தெப்பக்குளத்தின் கரையில் வயக்காடு இருமியது. பிறகு கறுப்புப் புகை கக்கியது. பிறகு நின்றுவிட்டது. வெள்ளைச் சட்டை போட்டிருந்த மாப்பிள்ளை கரிக்கடையில் வேலை பார்க்கிறவர் மாதிரி ஆகிவிட்டார். எதிர்கொண்டு அழைக்க வந்த பெண்ணின் தாய்மாமன், "என்னாப்பா, மாப்ளய வறுத்தா கொண்டாந்திருக்கீக?" என்று கேட்டார். அந்த ஒரு வார்த்தைதான். மேளக்காரர்கள் மேளத்தைத் தலைக்கு மேலே தூக்கிக்கொண்டு ஓடினார்கள். மாப்பிள்ளை வீட்டார் பெண் வீட்டாரை அடித்தார்கள். பெண் வீட்டார் திருப்பிப் பந்தக்காலைப் பிடுங்கி அடித்தார்கள். கொஞ்ச நேரத்தில் இரண்டு பக்கத்துப் பெரியவர்களுக்கும் விடிந்தால் சம்பந்தி ஆகவேண்டும் என்பது ஞாபகம் வந்தது. அதனால் இரண்டு வீட்டாரும் சேர்ந்து கண்ணுச்சாமியை அடித்தார்கள். அந்தச் சம்பந்தத்தில் நடந்த முதல் ஒற்றுமையான காரியம் அது. முன்பற்கள் தெப்பக்குளத்துக்குப் போயின.

காரை ஆனையூரில் பட்டறை வைத்திருந்த சுடலையிடம் தள்ளிக்கொண்டு போனார்கள். சுடலை எஞ்சினுக்குள் தலையை விட்டு நாள் முழுக்கத் தேடினான்.

"அண்ணே, இதுல கார்பரேட்டரே கெடையாது," என்றான்.

"அப்ப பெட்ரோலு எப்பிடிடா போகுது?"

"முன்சீட்டுல கால் வைக்கிற எடம் இருக்குல்ல, அந்தத் தகட்டுக்குப் பின்னால ஒரு பொட்டி இருக்கு. எஞ்சினுக்கு எம்புட்டுப் பெட்ரோலு வேணுமுன்னு அதுதான் கணக்குப் போட்டுச் சொல்லுது. இப்ப அதுக்குக் கணக்கு மறந்துபோச்சு. ஒரு படிக்கு ஒம்பது படி ஊத்தச் சொல்லுது. அதான் புகையிது."

"அந்தப் பொட்டிக்குப் பேரு என்னாடா?"

"கம்ப்யூட்டரு."

கண்ணுச்சாமிக்குப் பெருமையாக இருந்தது. பல் போன வலியிலும் அன்று ராத்திரி ஒச்சம்மாளிடம் அந்தப் பெயரைப் பலதடவை சொல்லிக் காட்டினான். மில்லில் வேலை பார்த்த ஒரு கணக்கர் மூலமாக ஜெர்மன்காரருக்கு எழுதிப்போட்டான். அந்த மனுஷன் நல்லவர். பழைய கார் ஒன்றிலிருந்து நல்ல பெட்டியாகக் கழற்றி, சும்மாவே அனுப்பிவைத்தார். ஆனால் பார்சலின் மேலே 'கார் கம்ப்யூட்டர்' என்று உண்மையை எழுதிவிட்டார். அதனால் பார்சல் கோச்சடைக்கு வரவில்லை. மாவட்டக் கணிப்பொறி ஒழுங்குமுறை அலுவலகத்துக்குப் போய்விட்டது.

நாட்டுக்குக் கணிப்பொறி வரப்போகிறது என்று சேதி வந்தவுடன், அது வந்து சேருவதற்குள் அதை ஒழுங்குபடுத்திவிட வேண்டும் என்ற அவசரத்தில் திறந்த அலுவலகம் அது. அங்கே உள்ளறையில் ஏ.சி. போட்டு, வெல்வெட் துணி போர்த்தி, ஒரு கணிப்பொறி இருந்தது. வெள்ளிக்கிழமைகளில் அதற்குச் சூடம் காட்டுவார்கள். இறக்கிய அன்றைக்கே அது பழுது. அதைக் கண்டம் பண்ணி, அதாவது இனி உதவாது என்று முறைப்படி உடைத்துப்போட்டு, வேறு வாங்கிக்கொள்ளலாம் என்று மேலிடத்து உத்தரவும் வந்து கிடந்தது. ஆனால் உடைக்கும்போது முதல் அடி யார் அடிப்பது என்பதில் மாவட்ட அதிகாரி பேயாண்டிக்கும் ஊழியர் சங்கச் செயலாளர் முத்திருளனுக்கும் தகராறு. கோயிலில் முதல் மரியாதைக்கு அருவாள் தூக்குகிற சீமையில் அலுவலகம் மட்டும் எப்படி விலக்காகும்? சாமிக்குப் பங்காளிகள் அடித்துக்கொள்வது போல இவர்கள் அந்தச் செத்த கணிப்பொறிக்காக அடித்துக்கொண்டார்கள். அலுவலகத்தில் இரண்டு பேர் கையில் மாவுக்கட்டோடுதான் கோப்பு பார்த்தார்கள்.

கண்ணுச்சாமி போன அன்று, பியூன் மொக்கையன் வரிசையைப் பிரம்பால் நேராக்கிக்கொண்டிருந்தான். முதுகில் ஒன்று வாங்கிக்கொண்டுதான் அதிகாரியின் அறைக்குள் போக முடிந்தது.

"ஒனக்கு எதுக்குய்யா ரெண்டு கணிப்பொறி?" என்று கேட்டார் பேயாண்டி.

"ரெண்டு இல்லீங்க சாமி. பழசு செத்துப்போச்சு. புதுசக் குடுத்தீகன்னா மாட்டிக்கிருவேன். ஆவணி முகூர்த்தத்துக்கு வாக்குக் குடுத்திருக்கேன். வண்டி ஓடலைன்னா நாங்க சோத்துக்கு நிக்கணுமுங்க. வயக்காட்ட வித்து வாங்குனது."

"செத்துப்போச்சுன்னு நீ சொல்லக்கூடாது. நாங்க சொல்லணும். செத்த கணிப்பொறிய முறைப்படி அழிக்கணும். பழசு அழிஞ்சாத்தான் புதுசு. அதுதான் விதி."

"அம்புட்டுத்தானுங்களா? இன்னைக்கே ஒடச்சுப் போட்டுட்டு வாரேன்."

பேயாண்டி நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டார். "நீ ஒடச்சா அது வன்முறை! பிடிச்சு உள்ள போட்டுருவேன்."

"அப்ப பொட்டிய மட்டும் கழட்டிக் கொண்டாறேங்க. நீங்களே ஒடைங்க."

"கழட்டினா அது தனிக் கணிப்பொறி ஆயிரும். தனிக் கணிப்பொறி வச்சுக்கிற அனுமதி உங்கிட்ட இருக்கா? கழட்டாம, மூடியிருக்கிற தகட்டையும் பிரிக்காம, இருக்கிற எடத்துல வச்சே அழிக்கணும்."

கண்ணுச்சாமிக்கு அப்போதே விபரீதம் உறைத்திருக்க வேண்டும். உறைக்கவில்லை. அரசாங்கத்தில் படித்தவர்கள் இருக்கிறார்கள், காருக்குச் சேதம் வராமல் செய்ய அவர்களுக்கு ஏதாவது வழி தெரியும் என்று நினைத்தான். பாவம்.

அழிப்பதற்கு முன்னால், பெட்டி நிஜமாகவே பழுதா என்று சோதிக்க வேண்டுமாம். பேயாண்டி பரிவாரத்தோடு ஆனையூர்ப் பட்டறைக்கு வந்தார். கணிப்பொறி இருக்கும் இடத்துக்குள் செருப்போடு போகக்கூடாது என்பதால் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, கிரீஸ் தரையில் வெறுங்காலோடு நடந்து, வழுக்கி விழுந்தார். தரைக்குச் சுடலைதான் பொறுப்பு என்று மொக்கையன் அவனை இரண்டு சாத்து சாத்தினான். கணிப்பொறி குளிர்ச்சியாக இருக்க வேண்டும் என்று சூடான எஞ்சினில் ஒரு குடம் தண்ணீர் ஊற்றப்பட்டது. எஞ்சின் அலறியது. பிறகு பேயாண்டி முன்சீட்டுப் பக்கம் குனிந்து, தகட்டைப் பார்த்து உரக்கக் கேட்டார்:

"பன்னெண்டையும் பதிமூணையும் பெருக்கினா எம்புட்டு?"

சுடலை சாவியைத் திருப்பினான். கார் கடகடவென்று நடுங்கிக் கறுப்பாக ஒரு புகையை அதிகாரியின் பின்னால் நின்றவர்கள் மேல் விட்டது.

"விடை தவறு," என்றார் பேயாண்டி. மொக்கையன் கண்ணுச்சாமியின் கையை நீட்டச் சொன்னான்.

"எனக்கு எதுக்குங்க அடி?"

"தப்பான விடைக்கு உரிமையாளரே பொறுப்பு."

பள்ளிக்கூடம் போகாத கண்ணுச்சாமிக்கு அந்த வயதில்தான் கணக்குக்காக உள்ளங்கையில் பிரம்படி விழுந்தது. விடை என்னவென்று அதிகாரியைக் கேட்க அங்கே யாருக்கும் தைரியம் வரவில்லை. அவரும் சொல்லவில்லை.

சோதனை முடிந்தது என்று சந்தோஷப்பட்டவனை அலுவலக வாசலில் சங்கம் மறித்தது. செயலாளர் முத்திருளன் வாட்டசாட்டமான ஆள். பேசிக்கொண்டிருக்கும்போதே அறைகிற பழக்கம் உள்ளவர்.

"இந்தப் பெட்டியால வேல இழந்த தொழிலாளி யாரு? சொல்லு!"

"யாருமில்லீங்களே அண்ணே. காரோட வந்த பொட்டி."

பளார். "இருக்காரு. இன்னும் வேலைக்கே எடுக்கப்படாத தொழிலாளி. இந்தப் பெட்டி இல்லைன்னா, பானெட் மேல ஒரு தோழர் உக்காந்து கரண்டியால எஞ்சினுக்குப் பெட்ரோல் ஊத்தியிருப்பாரு. அவரு வயித்துல அடிச்சவன் நீ."

"பெட்ரோல அப்பிடி ஊத்துனா தீப்பிடிச்சு அந்தத் தோழர் செத்துப்போவாருங்க."

பளார். "செத்தா அவரு வாரிசுக்கு வேல குடுக்கணும். அதையும் பறிச்சுட்டியே!"

கூட வந்த சுடலை ஏதோ சொல்ல வாயைத் திறந்தான். அவனை நாலைந்து பேர் சைக்கிள் ஸ்டாண்டுக்குப் பின்னால் கூட்டிக்கொண்டு போனார்கள். திரும்பி வந்தபோது அவனுக்கு ஒரு கண் திறக்கவில்லை. அதற்கப்புறம் அவன் சொல்ல நினைத்தது என்னவென்று யாரிடமும் சொல்லவில்லை.

கடைசியில் சங்கமும் அதிகாரியும் ஒரு விஷயத்தில் ஒத்துப்போனார்கள். கார்ப் பெட்டியை ஆடி மாசத்துக்குள் அழித்துவிடுவது. ஆடியில் நல்ல காரியம்தான் செய்யக்கூடாது, அழிக்கிற காரியத்துக்குத் தோஷமில்லை. முதல் அடி யாருக்கு என்பதுதான் பாக்கி. அதையும் கண்ணுச்சாமியே தீர்த்துக்கொண்டு வரவேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். மனு போட்டவன் அவன்தானே.

அவன் யோசித்தான். அவன் ஆட்களுக்குப் பரிவட்டம் என்பது தூரத்தில் நின்று பார்க்கிற சமாச்சாரம். அவன் தலையிலோ அவன் அப்பன் தலையிலோ யாரும் பட்டுக் கட்டியதில்லை. ஆனால் தூரத்திலிருந்து பார்த்ததிலேயே ஒன்று தெரிந்து வைத்திருந்தான். எந்தப் பங்காளிக்கு முதல் பரிவட்டம் என்று சண்டை வந்தால், கருப்பசாமி கோயிலில் பூசாரி அந்தப் பட்டை சாமியின் அருவாளிலேயே கட்டிவிடுவார். சாமி ஆயுதத்துக்குக் கட்டிவிட்டால் யாரும் வாயைத் திறக்க முடியாது.

"சம்மட்டியில பட்டக் கட்டிருவோம்," என்றான் ஒச்சம்மாளிடம். "எவனும் கோவிச்சுக்கிற முடியாது."

"சாமிக்குச் சரிய்யா. இவுகளுக்குச் சாமி பயம் இருக்கா?" என்று கேட்டாள் அவள். அவன் காதில் வாங்கவில்லை.

அழிப்பு நாளன்று சிவப்புக் காரை இரண்டு காளைகள் ஆனையூரிலிருந்து அலுவலக வளாகத்துக்கு இழுத்துவந்தன. பந்தல், மைக், வரிசையாக நாற்காலி, மூலையில் கட்டின கிடாய். அந்தக் கிடாயும் கண்ணுச்சாமியின் செலவுதான். முதலில் பேயாண்டி பேசினார்.

"பெரியோர்களே! ஆக்குவது எளிது. எவன் வேண்டுமானாலும் ஆக்கிவிடுவான். முறையாக அழிப்பதற்குத்தான் ஓர் அலுவலகம் தேவைப்படுகிறது. இந்த மாவட்டத்தில் இதுநாள்வரை எங்கள் அனுமதியோடு ஒரு கணிப்பொறிகூட இயங்கியதில்லை என்பதைத் தலை நிமிர்ந்து சொல்லிக்கொள்கிறேன். எங்களிடம் வந்த எந்தப் பொருளும் வந்தபடி திரும்பிப் போனதில்லை!"

கைதட்டல் அடங்கியதும் முத்திருளன் மைக்கைப் பிடுங்கினார்.

"தோழர்களே! நாம் இயந்திரத்துக்கு எதிரிகள் என்று சொல்கிறார்கள். இல்லை! வேலை செய்கிற இயந்திரத்துக்குத்தான் எதிரிகள். அதோ உள்ளே வெல்வெட் போர்த்திய கணிப்பொறி இருக்கிறது. அதோடு நமக்கு என்ன பகை? அது நம்மைப் போல் இருக்கிறது, நாம் அதைப் போல் இருக்கிறோம். ஆனால் இந்தக் கார்ப் பெட்டியோ, தனி ஒரு ஆளாக, விடுப்பு எடுக்காமல், கல்யாணம் கல்யாணமாக உழைத்திருக்கிறது. இப்படிப்பட்ட துரோகியை விட்டுவைக்கலாமா?"

"கூடாது!" என்றது கூட்டம்.

கண்ணுச்சாமி பட்டுத் துணியை எடுத்துச் சம்மட்டியின் கழுத்தில் கட்டினான். கும்பிட்டான். அதைக் காருக்கு முன்னால் தரையில் வைத்துவிட்டு, நிம்மதியாகப் பின்னால் நகர்ந்தான்.

அவன் ஒன்றை யோசிக்கவில்லை. சாமி அருவாளை எவனும் தொட மாட்டான். ஆபீஸ் சம்மட்டியை எவன் வேண்டுமானாலும் தூக்கலாம். பட்டுக் கட்டின சம்மட்டி யார் கையில் இருக்கிறதோ அவருக்குத்தான் முதல் மரியாதை என்று இரண்டு தரப்புக்கும் ஒரே நேரத்தில் தோன்றிவிட்டது.

பேயாண்டி பாய்ந்தார். முத்திருளன் அவர் இடுப்பைப் பிடித்து இழுத்தார். பேயாண்டி அவர் கையைக் கடித்துவிட்டுச் சம்மட்டியைத் தூக்கி அடித்தார். காரின் முன்விளக்கு நொறுங்கியது.

"முதல் அடி ஆயிருச்சு!" என்று கத்தினார் பேயாண்டி.

"ஆகலை! விளக்கு கணிப்பொறி இல்ல. செல்லாது, செல்லாது!" என்ற முத்திருளன் சம்மட்டியைப் பிடுங்கி ஓங்கினார். கண்ணாடி சிதறியது.

"கண்ணாடியும் கணிப்பொறி இல்ல. இதுவும் செல்லாது!"

நடைமுறைப்படி தகட்டைப் பிரிக்கக்கூடாது. பிரிக்காமல் பெட்டியின் மேல் அடி விழாது. பெட்டியின் மேல் விழாத அடி முதல் அடி ஆகாது. அதனால் விழுந்த அடி எல்லாமே செல்லாத அடி ஆகி, ஒவ்வொன்றுக்கும் எதிர்த்தரப்பு அடுத்த அடி அடித்தது. பானெட் உள்ளே போனது. கதவு வெளியே வந்தது. மாப்பிள்ளைகள் நின்ற சீட்டு பிய்ந்து பஞ்சு பறந்தது. அதிகாரி பக்கத்து ஆட்கள் நாற்காலியாலும், சங்கத்துக்காரர்கள் மைக் கம்பியாலும் அடித்தார்கள். காருக்கு ஓங்கியது மனிதர் மேலும், மனிதருக்கு ஓங்கியது கார் மேலும் விழுந்தது. ஒருவர் காது கிழிந்து தொங்கியது. பந்தல் சாய்ந்தது. கிடாய் கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடியது. அன்றைக்கு அந்த வளாகத்தில் புத்தியோடு நடந்துகொண்டது அது ஒன்றுதான்.

கண்ணுச்சாமி ஓடிப்போய்ப் பானெட் மேல் குப்புற விழுந்தான்.

"சாமி! அடிக்காதீக சாமி! இதுதாங்க எங்க சோறு! இதுதாங்க என் வயக்காடு!"

ஒரு நாற்காலி அவன் தோளில் இறங்கியது. மொக்கையன் அவன் காலைப் பிடித்துத் தரதரவென்று இழுத்து ஓரமாகப் போட்டான். மொக்கையன் கெட்டவன் இல்லை. அக்கறையோடுதான் சொன்னான்.

"ஓரமா நில்லுப்பா. சில்லு தெறிக்கும்."

எல்லாரும் களைத்து உட்கார்ந்தபோது காரின் இடத்தில் சிவப்பாக ஒரு தகரக் குவியல் கிடந்தது. பேயாண்டி நெற்றி ரத்தத்தைத் துடைத்துக்கொண்டே எழுந்துபோய் முன்சீட்டுப் பக்கம் எட்டிப் பார்த்தார். தகடு கொஞ்சம் வளைந்திருந்தது. இடுக்கு வழியே பெட்டி தெரிந்தது. கீறல்கூட இல்லை.

"பழைய கணிப்பொறி அழியலை," என்று அறிவித்தார். "விதிப்படி புதுசு தர முடியாது."

"முடியாது. சங்கமும் அதே கருத்துதான்," என்றார் முத்திருளன், வாயிலிருந்து ரத்தத்தைத் துப்பிவிட்டு.

கண்ணுச்சாமி குவியலைப் பார்த்தான். அப்பா வெட்டின வரப்பு ஞாபகம் வந்தது. அழுகை வரும் என்று நினைத்தான். வந்தது அழுகை இல்லை. பட்டுக் கட்டின சம்மட்டி காலடியில் கிடந்தது. எடுத்தான்.

நேராக அலுவலகத்துக்குள் போனான். முதலில் வரிசை நிற்கிற கவுண்டர் போனது. பிறகு அதிகாரியின் கண்ணாடி மேஜை. பிறகு சுவர்க்கடிகாரம், பீரோ, தண்ணீர்ப் பானை. பின்னால் ஓடிவந்த மொக்கையனை வாசலில் ஒச்சம்மாள் மறித்துக்கொண்டாள். புருஷனுக்குச் சோறு கொண்டுவந்த தூக்குவாளியால் அவன் மண்டையில் போட்டாள். "எம் புருசன் மேல கைய வச்ச, கொடல உருவிருவேன்!" என்றாள். உள்ளே பார்த்து, "நல்லாப் போடுய்யா! எங்க மாமன் காடுய்யா அது!" என்று கத்தினாள்.

கண்ணுச்சாமி உள்ளறைக் கதவை உதைத்துத் திறந்தான். குளுகுளுவென்று இருந்தது. வெல்வெட் துணியின் மேல் வெள்ளிக்கிழமை வைத்த மல்லிகை வாடிக் கிடந்தது. அவன் துணியைக்கூட எடுக்கவில்லை. ஒரே போடு. கணிப்பொறியின் கண்ணாடி வெடித்த சத்தம் வளாகம் முழுக்கக் கேட்டது. அப்புறமும் அவன் நிறுத்தவில்லை. கை ஓயும்வரை அடித்தான். தோள் வலித்தது. வலிக்க வலிக்க அவனுக்கு நன்றாக இருந்தது, அதுதான் உண்மை.

திரும்பிப் பார்த்தபோது வாசலை அடைத்துக்கொண்டு எல்லாரும் நின்றார்கள். பேயாண்டியின் முகம் வெளிறி, பிறகு மெல்ல மலர்ந்தது.

"முத்திருளா," என்றார், முதல் தடவையாகப் பிரியத்தோடு. "இத அடிச்சது நானா?"

"இல்லீங்க சார்."

"நீயா?"

"இல்லீங்களே."

"அப்ப ஒனக்கும் தோல்வி இல்ல, எனக்கும் தோல்வி இல்ல. முதல் அடி விழுந்துருச்சு!"

முத்திருளன் கண் கலங்கினார். இருவரும் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள். இத்தனை காலம் கண்டம் பண்ண முடியாமல் கிடந்த சாமான் கண்டமாகிவிட்டது. இனி வேறு வாங்கலாம், புது வெல்வெட் போர்த்தலாம். சங்கத்தார் வாழ்க கோஷம் போட்டார்கள். அடித்தவனைப் போலீஸில் கொடுப்பதா என்று யாரோ கேட்டபோது பேயாண்டி அவரை முறைத்தார்.

"குத்தம்னு சொன்னா யாரு அலட்சியமா இருந்தான்னு மேல கேப்பான். அழிப்புன்னு சொன்னா நமக்குப் பாராட்டு. ஏய் கண்ணுச்சாமி, இந்த ஆபீசுல அழிப்பாளர்னு ஒரு பதவி ஆரம்பத்துலருந்தே காலியா கெடக்கு. எங்களுக்குள்ள யாரு ஆள வச்சாலும் தகராறு. நீ ரெண்டு பக்கத்துக்கும் பொது ஆளு. சம்மட்டிய எடுத்துக்க. இல்லைன்னா ஜெயிலு. யோசிச்சுச் சொல்லு."

கண்ணுச்சாமி வெளியே கிடந்த குவியலைப் பார்த்தான். அவனுக்கு இனி ஆனையூர் மாப்பிள்ளையும் இல்லை, வண்டியூர் மாப்பிள்ளையும் இல்லை. பதில் சொன்னது ஒச்சம்மாள்.

"பென்சன் உண்டுங்களா?"

"உண்டு."

அன்றைக்கே முதல் வேலை தரப்பட்டது. அவன் தன் காரின் குவியலுக்குள் குனிந்து, வளைந்து விலகியிருந்த தகட்டோடு சேர்த்துத் தன் பழைய பெட்டியை ஒரே அடியில் நசுக்கினான். செல்லும் என்று இரண்டு தரப்பும் ஒப்புக்கொண்டன. உடனே புதுப் பெட்டியைச் சீல் வைத்த பார்சலோடு அவன் கையில் கொடுத்தார்கள். காரில் பொருத்தும்வரை சீலைப் பிரிக்கக் கூடாது என்று எச்சரித்தார்கள். அது இன்றும் கோச்சடை வீட்டில் சாமிப் படத்துக்குப் பக்கத்தில் சீலோடு இருக்கிறது. சீல் பத்திரமாக இருக்கிறதா என்று மொக்கையன் வருஷா வருஷம் வந்து பார்த்துவிட்டு, ஒச்சம்மாள் கையால் காப்பி குடித்துவிட்டுப் போகிறான்.

ஆவணி பிறந்தது. முதல் முகூர்த்தத்தின்போது அலுவலக வாசல் வழியாக மேளச் சத்தத்தோடு ஒரு மாப்பிள்ளை ஊர்வலம் போனது. மூடின அம்பாசடர் காருக்குள் மாப்பிள்ளை வியர்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கண்ணுச்சாமி காக்கி உடுப்பில் ஜன்னலோரம் வந்தான். ஊர்வலம் தெரு முனை திரும்பும்வரை பார்த்துக்கொண்டு நின்றான்.

"கண்ணுச்சாமி, ஒரு அழிப்பு வந்திருக்கு," என்று மொக்கையன் கூப்பிட்டான்.

கோர்ட்டுக்கு எதிரே டைப் அடிக்கும் கடை வைத்திருந்த தங்கப்பொண்ணு என்ற பெண் வந்திருந்தாள். எலக்ட்ரானிக் டைப்ரைட்டர் ஒன்றைப் போர்வையில் சுற்றி இடுப்பில் வைத்திருந்தாள். அதில் ஒரே ஒரு எழுத்து விழவில்லை. உள்ளே ஒரு சின்னச் சாமான் மாற்ற வேண்டும். சாமான் வந்து இந்த அலுவலகத்தில் மாட்டிக்கொண்டது. பழசு அழிந்தால்தான் புதுசு என்று அவளுக்குச் சொல்லியிருந்தார்கள். அவளுக்கு முன்னால் இரண்டு உரைகள் நடந்து முடிந்திருந்தன.

"அண்ணே, அந்தச் சின்னச் சாமானை மட்டும் தட்டுனாப் போதும்ணே," என்றாள் கண்ணுச்சாமியிடம். "பாத்துப் பதமா அடிங்க. இதுலதாண்ணே எங்க வீட்டுச் சோறு."

கண்ணுச்சாமியின் கை ஒரு நொடி நின்றது. அந்த வார்த்தையை அவன் எங்கோ கேட்டிருக்கிறான். யார் சொன்னது என்பதும் தெரியும். நிமிர்ந்து பார்த்தான். ஒரு பக்கம் பேயாண்டி, ஒரு பக்கம் முத்திருளன். இரண்டு பேரும் பெருமையோடு தலையை ஆட்டினார்கள். அவன் பட்டுத் துணியை எடுத்துச் சம்மட்டியில் முறையாகக் கட்டினான். இந்த அலுவலகத்தில் முதல் மரியாதை இப்போது அவனுக்குத்தான். அதில் இனி எந்தத் தகராறும் இல்லை. உள்ளங்கையில் எச்சிலைத் துப்பித் தேய்த்துக்கொண்டான்.

"ஓரமா நில்லும்மா," என்றான். "சில்லு தெறிக்கும்."

அவள் நகரவில்லை. நகர்த்துவதற்கு மொக்கையன் இருந்தான்.